வாளியில் வந்த சம்பந்தம்

மேகம் வீட்டு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒரு மலையூரில், ஒரு காலத்தில், ஒரு செர்ரி மரம் இருந்தது. ஐந்து மரங்கள் இருந்தன என்று இக்கதையைத் தொடங்குவோரும் உண்டு. இரண்டில் எது சரி என்பது கதை பாதி நடந்த பிறகுதான் அந்த மரத்துக்கே தெரிந்தது. ஆகவே இப்போதைக்கு ஐந்து என்றே வைத்துக்கொள்வோம்.

ஐந்தும் சவரிராயன் என்பவருடைய வீட்டுத் தோட்டத்தில் நின்றன. மூத்தவள் கிணற்றுப் பக்கம் நின்றாள். மற்ற நால்வரும் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். கேரட்டும் முட்டைக்கோசும் போட்டுப் பிழைக்கிற அந்த ஊரில் செர்ரி வைத்தவர் அவர் ஒருவர்தான். அதனால் ஊரார் அவரைச் செர்ரிக்காரர் என்றே அழைத்தார்கள். பழம் ஒன்றைக்கூட எவரும் கண்டதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தத் தோட்டத்தில் காய்த்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

பூவுக்குக் குறைவில்லை. பனி விலகிப் பங்குனி வெயில் ஏறியதும், இலை தலைகாட்டுவதற்கு முன்பே, ஐந்து மரங்களும் ஒரே நாளில் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"இன்று நல்ல வெயில்" என்பாள் மூத்தவள்.

"நல்ல வெயில், நல்ல வெயில்" என்பார்கள் நால்வரும்.

"நம்மைப்போல..." என்று அவள் தொடங்குவாள்.

"...பூப்பவர் இந்த மலையில் எவருமில்லை" என்று அவர்கள் முடித்து வைப்பார்கள்.

அவள் மனத்தில் இருந்ததும் அதுவே. தான் நினைத்ததைத் தான் சொல்லும் முன்பே சொல்லிவிடுகிற தங்கைகள் வாய்ப்பது எத்தனை பெரிய கொடுப்பினை என்று அவள் எண்ணியிருந்தாள். அவர்களோடு பேசிப் பேசி அவளுக்கு ஒரு சொல்கூடப் புதிதாகக் கிடைத்ததில்லை. அந்தக் குறை அவளுக்குத் தெரியவுமில்லை.

அந்த ஆண்டு பூ விரியத் தொடங்கிய வாரத்தில், சவரிராயனின் மனைவி குழந்தைதெரசு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூத்தவளின் அடியில் வந்து நின்றாள்.

"பன்னெண்டு வருசமாச்சு. பூவைப் பாத்தே வயிறு நிறைஞ்சிருமா? கேரட்டுக் கழுவத் தொட்டி கட்டணும்னா கெணத்துப் பக்கம் இந்த இடந்தான் தோது."

"இந்த ஒரு வருசம் பொறு தெரசு."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வருசமும் இதையேதான். ஒரு வார்த்தை மாறலையே."

"வார்த்தை மாறாத மனுசன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்க."

தெரசு சிரிக்கவில்லை. மறுநாளே இன்னாசிக் கொத்தனார் வந்துவிட்டார். கயிறு பிடித்து அளந்தார். மூத்தவளின் அடிமரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்.

"ஈஸ்டர் கழிஞ்சு மூணாம் வாரம் திங்கக்கிழமை வர்றேன் அண்ணே. காய் பிடிச்சிருந்தா தொட்டியை அந்தப் பக்கம் தள்ளிக் கட்டுவோம். பிடிக்கலைன்னா மரத்தை எடுத்துட்டுக் கடக்கால் தோண்டிருவோம். என்ன சொல்றீங்க?"

சவரிராயன் மரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "சரி" என்றார்.

அன்று முதல் மூத்தவள் தன் இடுப்பில் அந்த வெள்ளை வட்டத்தைச் சுமந்து நின்றாள். பூக்கள் வெள்ளை, வட்டமும் வெள்ளை. ஆனால் ஒன்று அவளுடையது, மற்றது அவளுடையதன்று.

அடுக்களைக்குப் பின்னால் இருந்த தேன்பெட்டியிலிருந்து ஒரு தேனீ வந்து அவள் பூவில் அமர்ந்தாள். பன்னிரண்டு ஆண்டுக் கோபத்தை மூத்தவள் அவள்மேல் இறக்கினாள்.

"உன்னால்தான் எனக்கு இந்தக் கதி. தேனை மட்டும் குடிக்கிறாய், வேலையைச் செய்வதில்லை. உன்னைப்போல் ஒரு சோம்பேறியை நான் கண்டதில்லை."

"கண்டதில்லை, கண்டதில்லை" என்றார்கள் வேலியோரத்தில்.

தேனீ கால்களைத் தட்டிக்கொண்டாள். "நான் சோம்பேறியாக்கா? விடிஞ்சதுலேருந்து உன் பூப்பொடியை உன் தங்கச்சி வீட்டுக்கும் அந்த வீட்டுப் பொடியை உன் வீட்டுக்கும் சுமந்து சுமந்து இடுப்பு ஒடியுது. வேணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு நீயே கேட்டுக்க. உன் பூ ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பச்சையா ஒரு தண்டு நிக்குதுல்ல? அது உச்சியில ஒரு வாசல்காரி உட்கார்ந்திருக்கா. யாரு வந்தாலும் 'நீங்க என்ன வகையறா?'ன்னு கேக்குறா. வந்தவுங்க சொல்றாங்க. 'அட, நாங்களும் அதே வகையறாதான். பங்காளிக்குள்ள சம்பந்தம் ஏது, போங்க போங்க'ன்னு கதவைச் சாத்திடுறா. நான் என்ன செய்ய? பொண்ணு கேட்டுக் கூட்டிட்டு வர்றதுதான் என் வேலை. முறையை மாத்துறது என் வேலையில்ல."

"அவர்கள் என் தங்கைகள். கொஞ்சம் வேறுபாடாவது இருக்காதா?"

"அதைத்தான் நானும் தேடுறேன். அக்கா தங்கச்சின்னா மூக்காவது வேற மாதிரி இருக்கும். உங்க அஞ்சு பேருகிட்டயும் ஒரே ருசி, ஒரே வாசனை. ஒரே நாள்ல பூக்குறீங்க, ஒரே நாள்ல கொட்டுறீங்க. சொன்னா கோவிச்சுக்காத. நீங்க அஞ்சு பேரு இல்லக்கா."

தேனீ பறந்துவிட்டாள். அவள் சொன்னது மட்டும் கிளையில் தங்கிவிட்டது.

அப்போது மூத்தவளுக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. அவளை நட்ட மூன்றாம் ஆண்டு. பழத்தோட்டம் வைத்திருந்த யாரோ ஒருவர் வந்து, "துணை இல்லாம இது காய்க்காது" என்று சவரிராயனிடம் சொல்லிவிட்டுப் போனார். சவரிராயனுக்கு ஒட்டுக் கட்டுவதில் கை ராசி உண்டு. துணை வேண்டுமென்றதும் அவர் வேறெங்கும் தேடவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு அவளிடமே வந்தார். "உன்னை மாதிரி அழகா ஒண்ணு எங்க கிடைக்கும்?" என்று சொல்லிக்கொண்டே விரல் நீளத்தில் ஒரு குச்சியை நறுக்கினார். அடுத்த ஆண்டு ஒன்று. அதற்கடுத்த ஆண்டு ஒன்று. மொத்தம் நான்கு. நறுக்கிய ஒவ்வொரு குச்சியையும் வேலியோரத்தில் ஒரு காட்டுச்செடியின் தண்டில் செருகி, வாழைநாரால் கட்டினார்.

நான்கு விரல்களை இழந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. நான்கு தங்கைகள் வந்ததும் நினைவிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு துண்டு மேகம் இல்லை. அவள் மெல்லச் சொன்னாள்: "இன்று மழை வரும்."

"மழை வரும், மழை வரும்" என்றார்கள் நால்வரும்.

வெட்டப்போகிறார்கள் என்று கேட்டபோது வராத குளிர் அப்போது அவளுக்கு வந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தது தங்கைகளோடு அல்ல. இத்தனை ஆண்டுகளாகத் தன்னோடு. இக்கதையை ஒரு மரம் என்று தொடங்குவோர், அதனால்தான் அப்படித் தொடங்குகிறார்கள்.

ஈஸ்டருக்குக் கோயில் பீடத்தை அலங்கரிக்கிற முறை அந்த ஆண்டு தெரசு வீட்டுக்கு வந்தது. தவக்காலம் முழுவதும் பீடத்தில் ஒரு பூக்கூட வைக்கமாட்டார்கள். அதனால் ஈஸ்டருக்குப் பூ குறைந்தால் ஊர் ஓராண்டுக்குப் பேசும். அவள் வளர்த்த லில்லிகளை அந்த வாரம் புழு அரித்துவிட்டது. சனிக்கிழமை காலை, கையில் அரிவாளோடு, அவள் மூத்தவளை அண்ணாந்து பார்த்தாள்.

"அதுல கை வைக்காத" என்றார் சவரிராயன். "ஒரு பூ, ஒரு பழம். தெரிஞ்சுக்க."

"ஆண்டவருக்குக் குடுக்கக்கூடவா?"

"ஆண்டவருக்குப் பழமாக் குடுப்போம்."

"அவரும் பன்னெண்டு வருசமாக் காத்துக்கிட்டுதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு, தெரசு ஓடையைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

அங்கே மதிலோரம் ஒரு செர்ரி மரம் நின்றது. யாரும் வைத்ததன்று. எப்போதோ எங்கிருந்தோ வந்த பழமொன்றின் கொட்டையைத் துப்பியவர் வெளியூர்ச் சாமியார் என்பார்கள் சிலர். மைனா என்பார்கள் சிலர். சவப்பெட்டி சுமந்து வந்தவர்களுள் ஒருவர் என்றும் ஒரு பேச்சு உண்டு. கொட்டை முளைத்தது, அதில் மட்டும் மூன்று தரப்பும் ஒத்துப்போகின்றன. கோணல் மரம், சின்னப் பூ. அதுவும் காய்த்ததில்லை, அக்கம்பக்கத்தில் அதற்கும் துணையில்லை. இரண்டு தோட்டங்களுக்கும் இடையே ஓடைப்பள்ளம் கிடந்தது. அந்தப் பள்ளத்துக் காற்றைத் தாண்டி எந்தத் தேனீயும் போய்வந்ததில்லை.

தெரசு அதில் ஐந்தாறு கிளைகளை வெட்டி, கோயில் தகர வாளியில் தண்ணீர் ஊற்றி, பீடத்தருகே வைத்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பீடத்துணி முழுவதும் இதழ் கொட்டிக் கிடந்தது. எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

பீடத்தில் இருந்த பூவைக் குப்பையில் போடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மிதிபடாத இடத்தில் வைத்து, தானாக வாடிய பிறகு மண்ணில் புதைக்க வேண்டும். தெரசு வாளியோடு வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் வைத்தாள், வெள்ளாடு மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. கிணற்று மேடையில் வைத்தாள்; ஆடு அங்கேயும் முன்னங்காலைத் தூக்கி வைத்தது. "ஒன்னைய..." என்று ஆட்டை விரட்டிவிட்டு, எட்டின ஒரு கிளையில் வாளியை மாட்டினாள். அது மூத்தவளின் கிளை.

"மெதுவா, மெதுவா" என்றது வாளி. "நான் கோயில் வாளி. கண்ட கொம்புல எல்லாம் தொங்குற வாளியில்ல."

வாளிக்குள்ளிருந்து ஒரு கோணல் கொப்பு தலையை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. பாதிப் பூ உதிர்ந்துவிட்டிருந்தது. மீதி மொட்டாக இருந்தது.

"இங்க என்ன இத்தனை பேரு வெள்ளையும் சொள்ளையுமா நிக்கிறீங்க? கல்யாண வீடா? மாப்பிள்ளையக் காணோமே, மதினி?"

வேலியோரம் சலசலத்தது.

"மதினியாம்!"

"கல்லறைத் தோட்டத்து மரம்!"

"யாரும் வைக்காத மரம்!"

"வகையறாவே இல்லாதது!"

"வகையறா இல்லாம யாரு இருக்கா?" என்றான் கொப்பு. "எங்க வகையறா உங்களுக்குத் தெரியாது. உங்க வகையறா எங்களுக்குத் தெரியாது. இப்படித் தெரியாம இருக்குறதுக்குப் பேருதான் சம்பந்தி வீடுன்னு எங்க மதில் சொல்லும். செத்தவுங்க பேச்சையெல்லாம் கேட்டு வளர்ந்த மதில் அது. பொய் பேசாது."

மூத்தவள் அவனை உற்றுப் பார்த்தாள். அவனிடம் அழகில்லை. பேச்சில் பணிவுமில்லை. ஆனால் அவன் வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அப்படி ஒன்று அவளுக்கு நேர்ந்ததில்லை. வாசல்காரியைப் பற்றியும் சுண்ணாம்பு வட்டத்தைப் பற்றியும் அவனிடம் சொன்னாள்.

"உன் மரத்தை விட்டுப் பிரிந்து வந்திருக்கிறாயே, வருத்தமில்லையா?" என்று கேட்டாள்.

"வெட்டும்போது வலிச்சுது. இப்ப வாளித் தண்ணி இருக்கு. அதுல எத்தனை நாளு ஓடும்னு தெரியல. மூணு நாளு, நாலு நாளு. அதுக்குள்ள வெயில் வரணும், மொட்டு விரியணும், தேனீ வரணும்."

"வந்தால்?"

"வந்தா, உன் வாசல்காரிக்கிட்ட நான் என் பேரைச் சொல்லிப் பாக்கலாம். ஒத்துக்கிட்டா உன் இடுப்புல இருக்குற சுண்ணாம்பு மழையில கரையும். ஒத்துக்கலைன்னா ரெண்டு பேருக்கும் ஒரே அரிவாள்தான். எனக்கு முன்னாடி, உனக்குப் பின்னாடி."

வெயில் வரவில்லை. மறுநாள் திங்கள், காலையிலேயே மேகம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து தோட்டத்தில் குந்திக்கொண்டது. தேன்பெட்டியின் வாசலில் தேனீக்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒடுங்கி அமர்ந்திருந்தார்கள். "இறக்கை நனைஞ்சா எழும்ப முடியாதுக்கா, பொறுத்துக்க" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

செவ்வாயும் அப்படியே. வாளியில் தண்ணீர் பாதியாகிவிட்டது. கொப்பின் தோல் சுருங்கத் தொடங்கியது. மூத்தவளின் பூக்களும் ஓரம் பழுப்பேறின.

புதன் பிற்பகலில் காற்று வந்தது. பள்ளத்துக் காற்று எந்த வீட்டையும் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை. வாளி ஆடிற்று. அதன் வளையம் கிளையில் வழுக்கி, நுனியை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. நுனி தாழ்ந்தது.

"கீழ ஆடு நிக்குது" என்றது வாளி. குரலில் கோயில் மிடுக்கு போய்விட்டிருந்தது.

"விட்டுவிடு" என்றாள் ஒரு தங்கை.

"விட்டுவிடு, உன் கிளை ஒடிந்துவிடும்" என்றார்கள் மற்ற மூவரும். "உன் பூவைக் காப்பாற்று. மேற்குப் பக்கம் எல்லாம் உதிர்கிறது. அவன் நம்மவன் அல்லன். நாங்கள் இருக்கிறோமே உனக்கு."

அந்தக் குரலை மூத்தவள் நன்றாக அறிவாள். அது அவளுடைய குரல்தான். அவளுக்குள் இருந்த அச்சமே வேலியோரத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தது. அதற்கு அவள் வாழ்நாளில் மறுமொழி சொன்னதில்லை.

"இல்லை" என்றாள்.

அந்தச் சொல்லை நால்வரில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவள் காற்றுக்கு முதுகைக் கொடுத்தாள். மேற்குக் கிளைகள் அடியெல்லாம் வாங்கிக்கொண்டன. அங்கிருந்த பூக்கள் கொத்துக் கொத்தாகப் பறந்தன. வாளி தொங்கிய கிளையை மட்டும் அவள் தன் நிழலுக்குள் வைத்துக்கொண்டாள். கிளையின் பட்டையில் ஒரு வெடிப்பு விழுந்தது. பிசின் கசிந்தது. கசிந்த பிசினில் வாளியின் வளையம் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

"மதினி" என்றான் கொப்பு, காற்று அடங்கிய பிறகு. "உனக்கு அந்தப் பக்கம் ரொம்பப் போயிருச்சே."

"இந்தப் பக்கம் இருக்கிறதல்லவா" என்றாள் அவள்.

வியாழக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னால் மேகம் கிழிந்தது. நல்ல வெயில் ஒரு மணி நேரம் இருந்தது; அதற்குமேல் இல்லை. ஆனால் வாளியின் தண்ணீரில் நின்ற மொட்டுகள் அந்த வெயிலுக்காகவே காத்திருந்தவைபோல விரிந்தன. தேன்பெட்டியிலிருந்து முதலில் வந்தவள் அந்தத் தேனீதான். வழக்கம்போல மூத்தவளிடம் வந்தவள், வாளியைக் கண்டு நடுவானில் நின்றாள்.

"இது யாரு?"

"வெளியூர்" என்றாள் மூத்தவள். "சீக்கிரம் போ. நேரமில்லை."

தேனீ கொப்பின் பூவுக்குள் தலைகீழாக விழுந்து எழுந்தாள். உடம்பெல்லாம் மஞ்சள் பொடி. அப்படியே மூத்தவளின் பூவுக்குப் போனாள். பச்சைத் தண்டின் உச்சியில் வாசல்காரி அலுப்போடு அமர்ந்திருந்தாள்.

"நீங்க என்ன வகையறா?"

"கல்லறைத் தோட்டம்."

"கேள்விப்பட்டதே இல்லையே."

"அதனாலதான் வந்திருக்கோம்."

வாசல்காரி பொடியைப் புரட்டிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் முறையாகத் தன் இடத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உள்ள வாங்க. தலை குனிஞ்சு வாங்க, நிலை தட்டும்."

மேகம் மறுபடி மூடுவதற்குள், வாளியைச் சுற்றி எட்டின பூக்களுக்கெல்லாம் தேனீக்கள் போய்வந்துவிட்டார்கள். தூரத்துக் கிளைகளுக்குப் போக நேரமில்லை.

மறுநாள் கொப்பு தலை சாய்ந்துவிட்டான். வாளியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்தான் மிச்சம்.

"காய் வந்தால் அது உன்னைப்போல் இருக்குமா, என்னைப்போல் இருக்குமா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"தோலும் சதையும் உன்னுது. இனிப்பும் உன்னுது. தின்னுட்டுத் துப்புவாங்க பாரு, அந்தக் கொட்டைக்குள்ள மட்டும் நான் உட்கார்ந்திருப்பேன்." அவன் லேசாகச் சிரித்தான். "எங்க வகையறாவுக்குத் துப்புனாப் போதும். பொழைச்சுக்குவோம்."

அதற்குமேல் அவன் பேசவில்லை. சனிக்கிழமை தெரசு வந்து, வாடிய கிளைகளை மூத்தவளின் அடியிலேயே புதைத்துவிட்டு, வாளியைக் கழுவிக் கோயிலுக்குக் கொண்டுபோனாள்.

சொன்ன திங்கட்கிழமை இன்னாசிக் கொத்தனார் கடப்பாரையும் கோடாரியும் கொண்டுவந்தார். சவரிராயன் முகத்தைக் கழுவிக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிறவர்போல மெல்ல நடந்து மரத்தடிக்கு வந்தார். மேற்குப் பக்கம் பார்த்தார், வெறும் இலை. வேலியோரம் பார்த்தார், வெறும் இலை. கிணற்றுப் பக்கம் தாழ்ந்து கிடந்த கிளையில், பட்டை வெடித்திருந்த இடத்துக்கு அருகே, இலையை விலக்கினார்.

பட்டாணி பட்டாணியாகப் பச்சைக் காய்கள்.

அவர் ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தெரசு" என்றார். "இங்க தொங்குன வாளியில என்ன தண்ணி இருந்துச்சு?"

"கோயில் குழாத் தண்ணி. ஏங்க?"

"ஈஸ்டர்த் தீர்த்தம் இல்லையா? நல்லா நெனச்சுப் பாரு."

"தீர்த்தத்துல யாராவது கொப்பு ஊறவைப்பாங்களா?"

"தீர்த்தமாத்தான் இருக்கணும். வாளி ஆடி ஆடி இந்தப் பக்கம் சிந்தியிருக்கு. சிந்துன பக்கம் மட்டும் காய்ச்சிருக்கு. நான் சாமியாருகிட்டப் போயி இன்னும் ரெண்டு குடம் கேட்டு வாங்கிட்டு வந்து..."

"அண்ணே, எனக்கு எங்க தோண்டணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார் கொத்தனார்.

தெரசு காய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று. "தண்ணி சிந்துனா வேருக்குத்தானே போகும்? வேரு மரம் முழுக்கவுந்தானே குடுக்கும்? ஒத்தக் கொம்புக்கு மட்டும் ஊட்டி விடுமா? தண்ணியில ஒண்ணுமில்லங்க. அதுல நின்ன கொப்புலதான் இருக்கு. கல்லறைத் தோட்டத்துக் கொப்பு. அது பூத்து நின்ன பக்கந்தான் காய்ச்சிருக்கு."

சவரிராயன் வேலியோரத்து நான்கு மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கையும் கட்டியது அவர் கைதான்.

"துணைக்கு ஆளு வேணும்னு அன்னைக்கே சொன்னாங்க தெரசு. நான் இவளையே நாலா நறுக்கி எதிர்ல நிறுத்திட்டேன். தன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்க வச்சிருக்கேன் இத்தனை வருசமா."

"பரவாயில்ல. இப்பவாச்சும் வார்த்தை மாறுனீங்களே" என்றாள் தெரசு.

தொட்டியைத் தள்ளிக் கட்டினார்கள். முதல் மழையில் சுண்ணாம்பு வட்டம் கரைந்தது. ஆனி மாதத்தில் இருபத்து மூன்று பழங்களும் சிவந்தன. ஒன்றைக் கொத்தனாருக்குக் கொடுத்தார்கள். ஐந்தை ஆண்டவருக்குக் கொடுத்தார்கள். கொட்டை ஒன்றைக்கூட எறியாமல் சேர்த்து, கிணற்றுப் பக்கம் ஊன்றினார்கள்.

மார்கழியில் மரங்கள் இலையுதிர்த்து உறங்கியபோது, சவரிராயன் ஓடையைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கோணல் மரத்தில் ஐந்து குச்சிகள் நறுக்கி வந்தார். அரத்தில் தீட்டிய ரம்பத்தோடு மூத்தவளிடம் வந்து, வெயில் படும் ஒரு நல்ல கிளையைத் தேர்ந்தார்.

"வலிக்கும்" என்றார்கள் நால்வரும்.

"வலிக்கட்டும்" என்றாள் மூத்தவள். "இதுவரை என்னிடமிருந்து நறுக்கினார். இம்முறை என்னிடம் ஒருவரைக் கொண்டுவருகிறார்."

கிளை விழுந்தது. வெட்டிய இடத்தைப் பிளந்து குச்சியைச் செருகி, நார் சுற்றி, மெழுகு பூசினார். பிறகு வேலியோரம் போனார். அங்கேயும் ஆளுக்கொன்று.

உறைபனிக் காலம் முழுவதும் அந்தக் குச்சி பேசவில்லை. உயிரோடிருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. மூத்தவள் தன் சாற்றைச் சிறுகச் சிறுக அதன் வாயில் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

பங்குனி வந்தது. ஒரு காலை வெயில் ஏறியது. குச்சியின் நுனியில் மூன்று இலைகள், எறும்புக்காது அளவில், வெளியே வந்து விழித்துப் பார்த்தன. மூத்தவள் அதைப் பார்க்காததுபோல், எப்போதும் சொல்வதையே சொன்னாள்:

"இன்று நல்ல வெயில்."

"நல்ல வெயில், நல்ல வெயில்" என்றார்கள் நால்வரும்.

"என்ன நல்ல வெயில்?" என்றது மூன்று இலைக் குச்சி. "எனக்கு இன்னும் குளிருதே, மதினி."

மூத்தவளின் உடம்பெங்கும் மொட்டுகள் அவிழ்ந்தன. ஐந்து மரங்கள் நின்ற அந்தத் தோட்டத்துக்கு, இரண்டாவது மரம் அன்றுதான் வந்து சேர்ந்தது.